பின்சீட்டுக்காரர்

அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அடுத்தவர்களின் காருக்குள் ஏறுவார். ஏறியதும் பின்சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, முன்சீட்டின் முதுகையே ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் இருப்பவர்கள் படம் பார்க்க அங்கே அவர் மாட்டப்போகும் திரை எந்த உயரத்தில் இருந்தால் கழுத்து வலிக்காது, எவ்வளவு தாழ்ந்தால் குழந்தை வாந்தியெடுக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் முடிவாகிவிடும். பட்டறையில் அவருக்குப் பின்சீட்டுக்காரர் என்றே பெயர். ஐம்பத்தைந்து வயது, பருத்த உடம்பு, மடங்க அடம்பிடிக்கும் முழங்கால்.

வேலை சுத்தம். ஒயரைக் கதவோரக் கம்பளத்துக்கு அடியில் ஒளித்துக் கொண்டுபோவார். சாவியைத் திருப்பினால்தான் திரைக்கு உயிர் வரும்படி இணைப்பார். இல்லாவிட்டால் பேட்டரி காலி. சத்தம் ஹெட்போனில் மட்டும். "ஓட்டறவங்க காது ரோட்டுக்கு, பின்னாடி இருக்கறவங்க காது படத்துக்கு. கலந்தா வம்பு. நான் கை வச்சா வச்சதுதான்" என்பார்.

அந்தப் பெருமையெல்லாம் ஒரு டீச்சரிடம் செல்லுபடியாகவில்லை. பக்கவாதத்தில் இடப்பக்கம் செயலிழந்த தன் அப்பாவை, வாரத்தில் மூன்று நாள், நாற்பது நிமிடம் காரோட்டிச் சிகிச்சைக்குக் கூட்டிப்போகிறவர். கூட வர ஆள் இல்லை. அப்பா ஒரு காலத்தில் கால்பந்து நடுவர். பின்சீட்டுக்காரர் மாட்டிக்கொடுத்த திரையில் ஆட்டம் ஓடினால் அமைதியாக இருப்பார், சத்தம் நின்றால் பதறிவிடுவார். அந்தச் சத்தம் பாதி வழியில் நின்று நின்று போகிறது என்று மூன்றாம் முறையாகப் பட்டறைக்கு வந்து நின்றார் டீச்சர்.

"செட்டுல ஒரு குறையும் இல்லைங்க. ஐயா ஹெட்போனைக் கழட்டியிருப்பாரு."

"காதுலதான் இருந்துச்சு. நேத்து பெல்ட்டை அவுத்துட்டு என் தோளைப் பிடிச்சு இழுத்துட்டாரு. கொஞ்சம் விட்டிருந்தா பஸ்ஸுல மோதியிருப்பேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சிகிச்சையையே நிறுத்திடுவேன். நடக்காட்டிப் போகட்டும், அப்பா உயிரோட இருந்தாப் போதும்."

அன்றே பின்சீட்டுக்காரர் அவர்களோடு காரில் போனார்.

பத்து நிமிடம் ஒரு குறையும் இல்லை. பிறகு பெரியவருக்குக் களைப்புத் தட்டி, தலை இடப்பக்கம் கண்ணாடியில் சரிந்தது. கை பெல்ட்டைத் தேட ஆரம்பித்தது. பின்சீட்டுக்காரர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். பெரியவரை முன்சீட்டுக்கு மாற்றிவிட்டு, அவர் இடத்தில் தான் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, அவரைப்போலவே கண்ணாடியில் தலையைச் சாய்த்தார். சத்தம் நின்றது. நிமிர்ந்தார், வந்தது. திரைக்கு அடியிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்தான் அந்த ஹெட்போனுக்குச் சத்தத்தைக் கொண்டுவருகிறது. தலை ஒரேயடியாகச் சரிந்தால் அது போய்ச் சேராது. வெயில் மேலே விழுந்தால் இன்னும் மோசம்.

"இத்தனை வருஷமா நிமிர்ந்து ஒக்காந்தே பார்த்திருக்கேன், டீச்சர். நிமிர முடியாதவங்களை நெனச்சே பார்க்கலை. தப்பு என்னோடதுதான்."

மறுநாள் ஹெட்போனை எடுத்துவிட்டு, பெரியவரின் தலை சாயும் இடத்துக்குப் பக்கத்தில் காதளவு உயரத்தில் உள்ளங்கையளவு ஸ்பீக்கர் ஒன்றைப் பொருத்தினார். ஓட்டுபவர் காதுக்கு முணுமுணுப்பாக எட்டும் அளவுதான் சத்தம். டீச்சர் நன்றி சொல்ல வாயெடுத்தார்.

"எனக்கெதுக்குங்க? ஐயாவுக்குச் சொல்லுங்க. அவரு பதறலைன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது. இனிமே வர்ற வண்டிக்கெல்லாம் அவருதான் வாத்தியார்."

அடுத்த பயணத்திலும் பெரியவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பெரியவரின் தலை சரிந்தது, ஆட்டத்தின் விசில் சத்தம் நிற்கவில்லை. "ஃபவுலு" என்று குழறினார் பெரியவர். பெல்ட் பக்கம் கை போகவில்லை. அந்த மகிழ்ச்சியில் பின்சீட்டுக்காரர் திரையின் திருகாணியைச் சரிபார்க்க முன்னால் குனிந்தார். பெரியவரின் வலக்கை நீண்டு, குனிந்தவரின் மண்டையைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளியது.

"ஐயோ, என்னாச்சு பின்னாடி?" டீச்சரின் கால் பிரேக்குக்குப் போனது.

"ஒண்ணுமில்ல, நீங்க ஓட்டுங்க. ஆட்டத்தை மறைக்கிறேனாம்."

சொல்லிவிட்டு, சினிமாக் கொட்டகையில் தாமதமாக வந்தவரைப்போல, முழங்கால் முன்சீட்டில் இடிக்க இடிக்க, தலை திரைக்குக் கீழே போகும்வரை சீட்டில் சறுக்கி இறங்கினார்.