அகாவே பாட்டிலும் அப்பாவின் மீட்டரும்

அமெரிக்கா சூட்கேஸைத் திறந்தால் ஒரு வாசம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? சோப்பு, சாக்லேட், புதுத் துணி எல்லாம் கலந்து... அந்த வாசம் எங்கள் கிழக்குத் தாம்பரம் வீட்டு ஹாலில் முதன்முதலாக வந்தது 2007-ல். நான் ஐ.டி. வேலைக்குச் சேர்ந்து, கம்பெனி அனுப்பிய முதல் அமெரிக்க ஆன்சைட் முடித்து வந்திருந்தேன்.

சாக்லேட்டை யாரும் சீண்டவில்லை. என் ஜீன்ஸில் சுருட்டி வைத்திருந்த ஒரு பாட்டிலைத்தான் எல்லாரும் தேடினோம். அகாவே நெக்டர்! சர்க்கரைக்குப் பதிலாக ஊற்றிக்கொள்ளும் சிரப். போனில் நான் சொன்ன நாளிலிருந்து அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அப்பா ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். சுகர் வந்து நாலைந்து வருஷம். அவருக்குச் சுகர் என்று தெரிந்த அன்றே, ஸ்கூல் டீச்சரான அம்மா சர்க்கரை டப்பாவைக் காலி செய்து கழுவிக் கவிழ்த்துவிட்டார். அத்தனைக்கும் எங்கள் வீட்டில் இனிப்புப் பைத்தியம் அம்மாதான். அவர் குடிக்கும் காபி பாயசம் மாதிரி இருக்கும். அதையே ஒரே நாளில் விட்டுவிட்டார்.

"எதுலேருந்துமா எடுக்கறாங்க இத?" என்றார் அப்பா, பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து.

"ஒரு வகைக் கத்தாழைப்பா. நம்ம ரயில் கத்தாழை இருக்குல்ல, அதுக்குச் சொந்தம்."

"அடப்பாவி! சர்வீஸ் பூரா தண்டவாளத்து ஓரத்துல அதப் பாத்துக்கிட்டேதான இருந்தேன்!"

லேபிளில் 'லோ கிளைசெமிக்', அதாவது ரத்தத்தில் சுகரை அவ்வளவாக ஏற்றாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அப்பா அவ்வளவு சுலபமாக நம்புகிற ஆளா? டெஸ்ட் வைத்துவிட்டார்!

அவரோடு வாக்கிங் போகும் டேனியல் அங்கிள்தான் அம்பயர். அவருக்கும் சுகர். முதல் நாள் காலையில் அப்பாவுக்குச் சர்க்கரை போட்ட காபி. மறுநாள் அதே டம்ளர், அதே பால், ஆனால் அகாவே. இரண்டு நாளும் காபிக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை குளுக்கோமீட்டரில் விரலைக் குத்தியாக வேண்டும்.

முதல் நாள் சர்க்கரைக் காபிக்கு மீட்டர் ஜிவ்வென்று ஏறியது. மறுநாள்... அந்தக் குட்டித் திரையில் நம்பர் வருவதற்குள் எங்கள் நாலு தலையும் முட்டிக்கொண்டன.

ஏறவே இல்லை! ஏதோ பேருக்குக் கொஞ்சம்.

"சிக்ஸர்யா!" என்று டேனியல் அங்கிள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நான் நிஜமாகவே குதித்தேன். ஏதோ நானே மருந்து கண்டுபிடித்த மாதிரி அப்படி ஒரு பெருமை எனக்கு.

அப்பா உடனே அம்மாவுக்கும் ஒரு காபி போடச் சொன்னார். "டீச்சரம்மா, நீயும் குடி. இனிமே பயமில்ல."

அம்மா முதல் வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை வருஷம் கழித்து! அப்பா தன் டம்ளரைத் தொடவே இல்லை. அதில் ஆடை படிந்துகொண்டிருந்தது. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கேட்க வேண்டுமா... தோசைக்கு அகாவே, உப்புமாவுக்கு அகாவே. ஆன்சைட்டிலிருந்து யார் கிளம்பினாலும் மெயில் அனுப்பி ஒரு பாட்டில் சொல்லிவிடுவேன்.

சில மாசம் கழித்து வழக்கமான செக்கப். சேலையூரில் எங்கள் டாக்டரம்மா அப்பாவின் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். ட்ரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் கொழுப்பு, எக்கச்சக்கம்.

"அகாவேக்கு மீட்டர்ல சூப்பரா காட்டுச்சே டாக்டர்!" என்று பாட்டில் கதையைச் சொன்னேன் நான்.

"அது குளுக்கோஸ மட்டும்தாம்மா பாக்கும். இந்தச் சிரப்புல பாதிக்கு மேல ஃப்ரக்டோஸ். அது நேரா லிவருக்குப் போயி, அளவு மீறினா கொழுப்பா மாறிடும். உங்க மீட்டர் வாசல்ல நின்னு காவல் காத்துச்சு, இது கொல்லப் பக்கமா உள்ள பூந்துடுச்சு. எந்தப் பேர்ல வந்தாலும் சக்கரை சக்கரைதான்."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அப்பாதான் அம்மா பக்கம் கையைக் காட்டிச் சொன்னார்.

"நான் இன்னிக்கே விட்டுடறேன் டாக்டர். எனக்கு அது ஒண்ணும் பெரிசில்ல. ஆனா நான் குடிக்கலன்னா இவளும் குடிக்க மாட்டா. இத வச்சாவது இவ இனிப்பா ஒரு காபி குடிக்கட்டும்னுதான்..."

 அம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா அம்மாவின் ரிப்போர்ட்டையும் புரட்டினார். "உங்களுக்கு எல்லாம் நார்மல்தானேம்மா? அளவா சக்கரை போட்டு ஒரு காபி குடிங்க. உங்களுக்கு எதுக்கு தண்டனை?"

திரும்பும் வழியில் கேம்ப் ரோடு கடையில் அப்பாவே இறங்கிச் சர்க்கரை வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் அவரே காபி ஆற்றி அம்மா கையில் கொடுத்தார். அவருடையது வெறும் கசப்புக் காபி. ஆனால் அன்றைக்கு அவர் இருந்த குஷி இருக்கிறதே... நான் ஃப்ளைட்டில் வந்து இறங்கிய நாளில்கூட அப்படி இல்லை!

இப்போது அதே அகாவே பாட்டில் எங்கள் ஏரியா சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது. பக்கத்தில் இன்னும் என்னென்னவோ பாட்டில்கள். எல்லாவற்றிலும் ஒரு பச்சை இலைப் படம். பார்த்தாலே சிரிப்பு வந்துவிடும். இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க அப்பாவும் அம்மாவும்தான் இல்லை.

போன வாரம் எனக்கும் சுகர் என்று ரிப்போர்ட் வந்தது. வீட்டுக்குள் நுழைந்தால், என் வீட்டுக்காரர் சர்க்கரை டப்பாவைப் பரண் மேல் ஏற்றிக்கொண்டிருக்கிறார்!

"உனக்கு இல்லாத சக்கரை எனக்கு எதுக்கு?" என்றார்.

விடுவேனா? ஸ்டூல் போட்டு ஏறி, டப்பாவை இறக்கி, நானே அவருக்கு ஒரு காபி ஆற்றிக் கொடுத்தேன். முதல் வாயில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

என் டம்ளரில் ஆடை படிந்ததை ரொம்ப நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.