பிராசசரில் இருந்த நம்பர்

எம்ப்ராய்டரி டிசைன் போடுவதற்காகக் காந்திபுரத்தில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினேன். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். விவரம் தெரியாதவன் என்று பழைய பிராசசரை வைத்துத் தள்ளிவிட்டார்களோ என்ற சந்தேகம் வீடு வந்தும் போகவில்லை. மறுநாள் காலையில் ஃபேனைக் கழற்றிப் பார்த்தேன். பிராசசர் மேல் சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ அப்பியிருந்தது. நம்பரை மறைக்கத்தான் என்று நினைத்து அதை வழித்துத் துடைத்தேன். பிராசசர் வந்த அட்டைப்பெட்டியில் போட்டிருந்த நம்பரேதான் அதிலும் இருந்தது. பழையபடி மாட்டிவிட்டேன்.

அதன் பிறகு டிசைன் பாதியில் இருக்கும்போதே சூடேறி அணைந்துகொண்டே இருந்தது. நாளைக்குள் டிசைன் வராவிட்டால் ஆர்டரை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகத் திருப்பூர் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். நம்பர் சரியாக இருந்தும் கடைக்காரர் எப்படியோ ஏமாற்றிவிட்டார் என்றே முடிவுகட்டி, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

அவர் ஃபேனைக் கழற்றினார்.

"ஏனுங்க, இங்கிருந்த பேஸ்ட் எங்கீங்க? அதுதானுங்க சூட்டை ஃபேனுக்குக் கடத்தும்."

"அழுக்குன்னு தொடச்சுப்போட்டேனுங்க."

"நம்பர் பார்க்கத்தானுங்களே?"

அவர் பேஸ்ட் ட்யூபை எடுத்தார்.

"தடவறதுக்கு முன்னால இன்னொருக்கா படிச்சுக்குங்க. ஊட்டுக்குப் போயி மறுக்காக் கழட்டிப்போடாதீங்க."

வெட்கமாக இருந்தது. இருந்தாலும் குனிந்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து மீதி டிசைனை முடித்து அனுப்பினேன். ஒருமுறைகூட அணையவில்லை.