ஒரு டம்ளர் பெட்ரோல்

பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போன எழுபதுகளில், கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிச் சந்தைக்கு எங்கள் தக்காளியை ஏற்றிப்போனது என் அக்கா வீட்டுக்காரரின் கரிவண்டி. பழைய வேன்தான். அதன் முதுகில் ஆளுயர இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தி, கொட்டாங்கச்சிக் கரியைப் போட்டு எரித்து, அதில் வரும் வாயுவிலேயே இன்ஜினை ஓட்டினார் மச்சான். யாரும் சொல்லித்தரவில்லை, மூன்று மாதம் முகமெல்லாம் கரியாகத் தானே கண்டுபிடித்தார். "இது வண்டிக்குப் பின்னால அடுப்பா, அடுப்புக்கு முன்னால வண்டியா?" என்பார் டீக்கடைக்காரர். மச்சான் சிரித்துக்கொண்டே டீயைக் குடிப்பார்.

பெட்ரோல் இல்லாமல் ஓடும் வண்டிக்கு வரியில் சலுகை உண்டு என்றார்கள். அது கிடைத்தால் வண்டி எங்களோடு இருக்கும். முழு வரி என்றால் விற்பதைத் தவிர வழியில்லை. தரகர் ஒருவர் வந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டும் போயிருந்தார்.

சலுகைக்காக வண்டியைச் சோதிக்கப் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்த காலையில் வண்டி உறுமிக்கொண்டு தயாராக நின்றது. சுற்றிவந்து பார்த்துவிட்டு, பெட்ரோலே வேண்டாம்தானே என்று மலையாளத்தில் கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

"ஓடறதுக்கு வேண்டாமுங்க. காலைல கிளப்பறதுக்கு மட்டும் ஒரு டம்ளர் ஊத்தோணுமுங்க," என்றார் மச்சான்.

பெட்ரோல் பாட்டிலைத் தக்காளிக் கூடைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த அக்கா, தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அப்படியானால் இது பெட்ரோல் வண்டிதான் என்று இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"அது இல்லாமயும் கிளம்புமுங்க. ஆளுக தள்ளோணும், அவ்வளவுதான்."

காட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர். மச்சான் இன்ஜினை அணைத்தார். பெட்ரோல் குழாயைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தார். இன்ஜின் ஆறும்வரை இன்ஸ்பெக்டர் இரண்டு டீ குடித்தார். பிறகு கரியடுப்புக்குக் காற்றூதும் விசிறியின் கைப்பிடியை அக்கா பிடித்துச் சுற்றினாள். மச்சான் மேலிருந்த கோபமெல்லாம் அதில் போனது, கனல் சிவந்தது. நானும் கூடை தூக்கும் பெண்கள் இருவரும் வண்டியைச் சரிவில் தள்ளினோம். இருமியது, அடங்கிவிட்டது. டீக்கடைக்காரர் துண்டை உதறிப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "நல்லாத் தள்ளுங்க, அடுப்பு அணையறதுக்குள்ள." இரண்டாம் முறை வண்டி குலுங்கிப் பிடித்துக்கொண்டது. வாய்க்கால் பாலம்வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார் மச்சான்.

சலுகை எழுதப்பட்டது. குழாயை மறுபடி மாட்டக் கூடாது என்பது நிபந்தனை. அதனால் தினமும் விடிந்ததும் அக்காவையும் சேர்த்து நாங்கள் நாலு பேர் வண்டிக்குப் பின்னால்.

"ஏனுங்க, அன்னிக்கு வாய மூடிட்டு இருந்திருந்தா இப்பிடித் தள்ளோணுமுங்களா?" என்றாள் அக்கா, மூச்சு வாங்க.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மச்சான் திரும்பிப் பார்த்தார். "தினமும் பாட்டில ஒளிக்கற வேலை மிச்சமாச்சல்ல. தள்ளு."