மார்லிஸின் கருந்தீவுகள்

மார்லிஸ் டோர்கர்சனுக்கு டுவைட்டைக் கண்டாலே ஆகாது. மினியாபொலிஸில் ஒரே ஆய்வகம், ஒரே நுண்ணோக்கி. ஆனாலும் அவன் லிஃப்டில் நின்றால் அவள் படியேறிப் போவாள்.

கொழுப்புக் குமிழி செய்வதுதான் அவள் வேலை. உயிரணுவின் சவ்வைப் போலவே அந்தக் குமிழிக்கும் இரண்டடுக்குத் தோல். மூலக்கூறின் வால் நேராக நீண்ட நேர்வால் கொழுப்பு, வால் வளைந்த கொழுப்பு, கொலஸ்ட்ரால் மூன்றையும் ஒளிரும் சாயத்தோடு கலப்பாள். சூட்டில் எல்லாம் ஒன்றாகக் கலந்து மிதக்கும். ஆறினால் நேர்வால் கொழுப்புகள் கொலஸ்ட்ராலை இழுத்துக்கொண்டு நெருக்கியடித்து ஒதுங்கிவிடும். சாயம் மற்றக் கொழுப்போடு போய்விடுவதால், ஒதுங்கிய இடங்கள் ஒளிரும் தோலில் கருந்தீவுகளாகத் தெரியும். அவ்வளவு ஆற வேண்டாம், உடல் சூட்டிலேயே அந்தத் தீவுகள் உண்டாகின்றன என்று கட்டுரை எழுதித்தான் மார்லிஸ் பேர் வாங்கியிருந்தாள்.

வெளியூர் விருந்தினர்கள் நிறைந்த கூட்டத்தில் டுவைட் எழுந்தான்.

"மார்லிஸ், அது கொழுப்பு பண்ணின வேலை இல்ல. உன் விளக்கு பண்ணின வேலை. வெளிச்சத்துல வளைஞ்ச வால் கெட்டுப்போகும். அதனாலதான் பிரியுது."

"சொந்தமா ஒண்ணும் கண்டுபிடிக்கத் துப்பில்லாதவங்க அடுத்தவங்க விளக்கைத்தான் குறை சொல்லுவாங்க!"

அரங்கம் சிரித்தது. அவன் காது சிவக்க உட்கார்ந்தான்.

அவன் மூக்கை முழுசாக அறுத்துவிட வேண்டும் என்றே மறுநாள் அவள் சோதனையில் இறங்கினாள். குமிழிகளை இருட்டிலேயே செய்து, உடல் சூட்டில் வைத்து, கண் சிமிட்டும் நேரம் மட்டும் ஒளியைக் காட்டிப் படம் எடுத்தாள். தோல் முழுதும் ஒரே சீராக ஒளிர்ந்தது. ஒரு தீவுகூட இல்லை. விளக்கை அணைக்காமல் விட்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் முளைத்தன. ஒன்றோடொன்று சேர்ந்து தீவாயின. புதுக் கலவை போட்டுப் பார்த்தாள். அதேதான். எழுந்து டுவைட்டின் அறைக்குப் போனாள்.

டுவைட் தன் மேசையில் ஆறிப்போன ஹாட்டிஷ் என்ற இறைச்சி-உருளைக்கிழங்குக் கலவையைத் தின்றுகொண்டிருந்தான். அவள் வாசலைத் தாண்டவில்லை.

"நீ சொன்னதுதான் சரி. கட்டுரையத் திரும்ப வாங்கறேன்."

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "இதத் தனியா வந்து சொல்ற. திட்டினது மட்டும் சபையில."

"சபையிலயும் சொல்லுவேன். அதுக்காக உன்னப் பிடிச்சிருச்சுன்னு நினைச்சுக்காத."

"எனக்கு மட்டும் உன்னப் பிடிக்குதாக்கும்? கதவச் சாத்திட்டுப் போ."

அடுத்த கூட்டத்தில் மேடையேறி, இருட்டில் செய்தது, விளக்கில் விட்டது என இரண்டு படங்களையும் அருகருகே காட்டி, "டுவைட் லிண்ட்க்விஸ்ட் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு" என்றாள். யாரும் கைதட்டவில்லை. அவனும் தலை நிமிரவில்லை. அந்த வருடம் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது.

இருட்டில் குமிழி செய்யும் அவள் முறையைத்தான் பிறகு ஆய்வகமே எடுத்துக்கொண்டது, டுவைட்டும்கூட. இருவரும் கடைசிவரை ஒரு காபிகூடச் சேர்ந்து குடித்ததில்லை.