தெருஸ்

ஜூலியஸின் கைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை அடித்தாலும் மூன்று முறை அடித்து முடித்துவிடும்.

அது அவர் பிறந்த ரப்பர் தோட்டத்தில் வந்த பழக்கம். பதினான்கு வயதிலிருந்து பக்கத்து வீட்டு உடையப்பனோடு சேர்ந்து சாவு வீடுகளில் தப்பு அடித்தவர். ஞாயிறு காலை மாதா கோவிலில் பூசை, மதியம் யார் வீட்டிலாவது தப்பு. பங்குச் சாமியார் இரண்டு முறை கண்டித்துவிட்டு அப்புறம் விட்டுவிட்டார். ஊர்வலம் நிற்க வேண்டிய இடம் வந்தால் முன்னால் அடிப்பவர் முத்தாய்ப்பு வைப்பார். ஒரே சொற்கட்டை, ஒரே அடிவரிசையை, மூன்று முறை. மூன்றாவது முடிந்ததும் எல்லாத் தப்பும் நிற்கும். பாடையை இறக்குவார்கள்.

தோட்டம் கைமாறி இல்லாமல் போனது. ஜூலியஸ் லோரி ஓட்டினார். முதலில் செம்பனைக் குலை, பிறகு பலகை. புக்கிட் பெலிம்பிங்கில் வீடு வாங்கினார். டொரீனைக் கட்டினார். ஒரே மகள் அபிகெயில் படித்து முடித்து, செம்பனை எண்ணெய் ஆலையில் இயந்திரங்களின் அதிர்வை அளக்கும் வேலைக்குப் போனாள். எந்த பேரிங் எப்போது போகும் என்று கருவியை வைத்துச் சொல்வாள். கருவி இல்லாமலும் பாதி நேரம் சொல்வாள்.

ஐம்பத்தாறு வயதில் ஜூலியஸ் மமாடுவைப் பார்த்தார். பத்தாங் காலியில் ஒரு நாற்காலித் தொழிற்சாலைக்குப் பலகை இறக்கப் போன இடம். மமாடு கினி நாட்டிலிருந்து வந்து அங்கே பாரம் ஏற்றிக்கொண்டிருந்தான். சாப்பாட்டு வேளையில் விடுதிக்குப் பின்னால் ஜெம்பே என்ற மேளத்தை முழங்கால்களுக்கு நடுவே வைத்து வெறுங்கையால் அடித்தான். ஜூலியஸ் லோரியிலிருந்து இறங்கி வந்து நின்றார். அன்று பலகை இறங்கத் தாமதமானதற்கு முதலாளியிடம் ஏச்சு வாங்கினார்.

அதற்குப் பிறகு மூன்று வருடம், அந்தப் பக்கம் பாரம் வரும்போதெல்லாம் கற்றார். மமாடுவுக்குத் தெரிந்த மலாயும் ஜூலியஸுக்குத் தெரிந்த மலாயும் போதுமானதாக இருந்தன. குக்கு என்ற தாளத்தை மமாடு முதலில் கொடுத்தான். மீன் பிடித்துத் திரும்பும் பெண்களுக்கான தாளம் என்றான். பீப்பாய் மேளங்கள் ஒரே அடியை மாறாமல் அடித்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் ஜெம்பேக்காரன் தன் மனம்போல் பேசலாம். நடுவில் சும்மாவும் இருக்கலாம். முடிக்க மட்டும் தனியாக ஓர் அழைப்பு அடி இருந்தது. அது வரும்வரை பீப்பாய்கள் நிற்கக் கூடாது.

ஜூலியஸ் எண்ணெய்ப் பீப்பாய்களை அறுத்துத் தோல் கட்டினார். பெரியது உடையப்பனுக்கு, சிறியது அபிகெயிலுக்கு. வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தும் கொட்டகையில் ஞாயிறு மாலைகளில் அடித்தார்கள்.

முதல் நாளே ஜூலியஸ் ஜெம்பேயில் தன்னை மறந்து பேசிக்கொண்டிருந்தபோது பெரிய பீப்பாய் சட்டென்று நின்றது.

"ஏன்யா நிறுத்துன?"

"நீங்கதானண்ணே மூணு வச்சீங்க."

"எங்கடா வச்சேன்?"

"மூணு வச்சா நிறுத்தணுமா வேண்டாமா? இல்ல பொணத்தத் தூக்கிக்கிட்டே கோலாலம்பூர் வரைக்கும் நடக்கவா?"

டொரீன் உள்ளே அடுப்படியில் சிரித்தது வெளியே கேட்டது. ஜூலியஸ் சிரிக்கவில்லை. மறுபடி தொடங்கினார். இரண்டு நிமிடத்தில் மறுபடி மூன்று வைத்தார். உடையப்பன் மறுபடி நின்றார்.

இதை மமாடுவிடம் சொன்னபோது அவன் சொன்னதை ஜூலியஸ் வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தார்.

"பேச ஆரம்பிச்ச ஒடனே போயிட்டு வரேன்னு சொல்றேனாம். உன் கைக்கு வழியனுப்ப மட்டுந்தான் தெரியும்ங்கிறான் லா."

"உண்மைதானே," என்றாள் டொரீன்.

மமாடுவின் பெர்மிட் முடிந்து அவன் ஊருக்குப் போனான். போகும்போது ஒன்று கேட்டான். ஐந்து நிமிடம். வழியனுப்பாமல் ஐந்து நிமிடம் பேசி, முறையாக அழைப்பு அடித்து முடித்து, அதைப் படம் பிடித்து அனுப்பு.

அந்த ஐந்து நிமிடம்தான் ஜூலியஸுக்கு மிச்சமிருந்த வேலை. ஓய்வு பெற்றாகிவிட்டது. நெஞ்சு அவ்வப்போது இறுக்கியது. வாயு என்றார். இஞ்சித் தண்ணீர் குடித்தார். அபிகெயில் கிளினிக்குக்குக் கூப்பிட்டபோது, படம் எடுத்து முடிச்சிட்டுப் போகலாம் என்றார்.

கையின் பழக்கம் உடனே போகாது என்று தெரிந்ததும் அவர் ஒரு சட்டம் போட்டார். லோரியைப் பின்னுக்கு எடுக்கும்போது கீழே நிற்கும் ஆள் கத்தும் மலாய்ச் சொல்தான் அது. தெருஸ். நிற்காதே, போய்க்கொண்டே இரு.

"நான் மூணு வச்சாலும் காதுல வாங்காதீங்க. நான் சும்மா ஒக்காந்திருந்தாலும் நிறுத்தாதீங்க. யோசிக்கிறேன்னு அர்த்தம். அழைப்பு வர்ற வரைக்கும் தெருஸ். வானம் இடிஞ்சாலும் தெருஸ். புரியுதா?"

அபிகெயிலுக்கு அது சுலபமாக இருந்தது. அவள் பிறந்தபோது தோட்டமே இல்லை. சாவு வீட்டுத் தப்பை அவள் அடித்ததில்லை. மூன்று என்பது அவள் காதில் வெறும் எண்ணிக்கை. உடையப்பனுக்குத்தான் கை தயங்கும். தயங்கும்போதெல்லாம் அவள் பக்கத்திலிருந்து சொல்வாள். "தெருஸ், மாமா." அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அடிப்பார். ஜூலியஸ் கண்ணாலேயே மகளுக்கு நன்றி சொல்வார்.

எட்டு ஞாயிறு போயின. மூன்று நிமிடத்தைத் தாண்டவில்லை.

ஒன்பதாவது ஞாயிறு பிற்பகல் நான்கரை மணி. டொரீன் கைப்பேசியைப் பிடித்தாள். ஜூலியஸ் அன்று நன்றாகப் பேசினார். அவசரமில்லை. ஒரு சுற்று அடித்துவிட்டு இரண்டு சுற்று தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார், மறுபடி அடிப்பார். நான்கு நிமிடம் ஆகப்போகும் நேரத்தில் தலை குனிந்தது. கைகள் தோலின்மேல் கிடந்தன. ஜெம்பே வாரால் இடுப்போடு கட்டியிருந்ததால் அவர் சாயவில்லை.

அபிகெயில் அடித்தாள். உடையப்பன் அடித்தார்.

"பாரேன், இன்னைக்கு முடிச்சிருவாரு," என்று டொரீன் மெதுவாகச் சொன்னது படத்தில் பதிவாகியிருக்கிறது.

நாற்பத்து நான்கு சுற்று அடித்தார்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு நொடி. பிறகு ஜெம்பே நழுவியது, அவரும் அதோடு விழுந்தார்.

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர், ஒன்றரை நிமிடம் முன்னால் பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று அபிகெயில் கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார். காப்பாற்றியிருக்க முடியாது என்று அவர் சொல்லவில்லை. அந்த வேறுபாடு அவளுக்குத் தெரியும். அறிக்கைகளில் அவளும் அப்படித்தான் எழுதுவாள்.

அடக்கம் முடிந்து பத்தாவது நாள் டொரீன் சொன்னாள்.

"அந்தப் படத்த மமாடுவுக்கு அனுப்பிரு அபி. அப்பா அதுக்குத்தானே கெடந்து உழைச்சாரு."

"கடைசிய வெட்டிட்டு அனுப்புறேன்மா."

"எங்க வெட்டணுமோ வெட்டு. எனக்குக் காட்டாத."

எங்கே வெட்டுவது என்று பார்க்க, ஒலியைப் பிரித்து வேலைக்கு வைத்திருக்கும் கணினியில் ஏற்றினாள். அலைகள் சுருதிவாரியாகத் தனித்தனிக் கோடுகளாக நின்றன. தன் பீப்பாய், உடையப்பனின் பீப்பாய், அதற்கு மேலே அப்பாவின் கை. தலை குனிவதற்கு முன்னால் வந்த கடைசி அடிகளைப் பெரிதாக்கினாள்.

ஒரு சொற்கட்டு. அதே சொற்கட்டு மறுபடி. மூன்றாவது முறை பாதி. படத்தை ஓட்டிப் பார்த்தாள், அந்தப் பாதியும் வலது கை மட்டும்.

முத்தாய்ப்பு.

பழக்கத்தில் வைத்தாரா, நிறுத்தச் சொன்னாரா என்று அலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. மமாடுவின் அழைப்பு அடிக்கு இரண்டு கையும் வேண்டும். அவரிடம் ஒரு கைதான் இருந்தது.

நகர்த்தினாள். அடுத்த சுற்றில் பெரிய பீப்பாயின் கோடு ஓரிடத்தில் காலியாக இருந்தது. ஓர் அடி இல்லை. உடையப்பன் நிறுத்தியிருக்கிறார். அந்தக் காலியிடத்தில் சின்னதாக வேறொன்று. ஒலியைக் கூட்டிக் கேட்டாள். அவளுடைய குரல்தான்.

"தெருஸ், மாமா."

அதற்கு அடுத்த கோட்டில் பெரிய பீப்பாய் மறுபடி தொடங்கியிருந்தது.

சாயங்காலம் உடையப்பன் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா. சாப்பிட்டியா? அம்மா எப்படி இருக்கா?"

"இருக்காங்க. மாமா, அன்னைக்கு அப்பா மூணு வச்சது உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் மீனைத் திருப்பினார். வயிற்றைக் கீறினார்.

"எங்க கேட்டுச்சு. கவனிக்கல."

"நீங்க நிறுத்துனீங்க. ஒரு அடி."

"குச்சி நழுவிருச்சு. வேர்வை."

"நான் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன்."

"நீ ஒண்ணும் சொல்லல."

"சொன்னேன் மாமா. பதிவுல இருக்கு."

"எனக்குக் கேக்கல," என்றார் உடையப்பன். குரல் உயர்ந்தது. "ரெண்டு பீப்பா இடிக்குது, எவனுக்கு என்ன கேக்கும்? நீ ஒண்ணும் சொல்லல. போ, அம்மா தனியா இருப்பா."

அவர் அதற்குப் பிறகு நிமிரவில்லை. ஒரே மீனை மறுபடி மறுபடி கழுவினார். தண்ணீர் தெளிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

அபிகெயில் வீட்டுக்கு வந்தாள். டொரீன் கூடத்தில் இருந்தாள்.

"அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்லம்மா."

"ஏன்?"

"எங்க வெட்டுறதுன்னு தெரியல."