எழுத்தில்லாத பொதிகள்

சனிக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடம். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபை வாடகைக்கு எடுத்திருந்த மண்டபத்துக்குள் நுழைந்தபோது நான் முதலில் கண்டது ஒரு கையை. அகதிகளுக்கு அனுப்பச் சேர்த்த, ஆண்கள் அணியும் கறுப்புக் கோட்டு ஒன்றின் உட்பைக்குள் மணிக்கட்டு வரை போயிருந்த, மெலிந்த, வளையல் இல்லாத கை. அது வெளியே வந்தபோது இரண்டு விரல்களுக்கிடையில் ஒரு பழைய பஸ் ரிக்கற் இருந்தது. ரீச்சர் அதை வெளிச்சத்தில் பிடித்து இரு பக்கமும் பார்த்துவிட்டு, காலடியில் இருந்த பிஸ்கற் ரின்னுக்குள் போட்டார். "இதிலையும் எழுத்துக் கிடக்கு" என்றார், என்னைப் பார்க்காமலே. எண்பதுகளின் கடைசியில் வந்த ஒரு குளிர்காலம் அது.

ரீச்சர் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் கணிதம் படிப்பித்தவர். லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டறையில் பிள்ளைகளுக்கு மசித்த உருளைக்கிழங்கு பரிமாறினார். யாராவது அதைப் பற்றி இரக்கத்தோடு கேட்டால், "அங்கை மண்டைக்குள்ளை போட்டன், இங்கை தட்டிலை போடுறன். இங்கை எண்டால் கொஞ்சமாவது உள்ளுக்குப் போகுது" என்பார். நான் ஊரில் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவனாகத் தொடங்கி உதவி ஆசிரியர் மேசை வரை போனவன். இங்கே பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. அந்தப் பழைய தொழிலை நினைத்துத்தான் ரீச்சர் என்னைத் தன் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். ஒவ்வொரு கோட்டையும் முதலில் அவர் பார்ப்பார், பிறகு நான் பார்ப்பேன். முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு.

கோட்டுகள் போன நாட்டின் பெயரை நான் எழுதவில்லை. மண்டபத்தில்கூட அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை, "அங்கை" என்போம். மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பக்கத்து நாட்டு யுத்தத்தில் எல்லையைக் கடந்து வந்த அகதிகளும் முஸ்லிம்களே. குளிர் கடுமையான அந்த மலைப் பட்டணத்தில் அகதிக் குடும்பங்களுக்கு ஒரு வீடு நடத்தியவர், அங்கேயே பிறந்து வளர்ந்த, அந்நாட்டின் சின்னக் கிறிஸ்தவ சமூகத்தைச் சேர்ந்த ஊழியர். நாங்கள் அவரைச் சகோதரர் என்றுதான் அழைத்தோம். உடுப்பும் மருந்தும் உணவும் கொடுக்கலாம், அகதிகளின் கையில் மதம் சம்பந்தமான ஒரு எழுத்தும் போகக்கூடாது என்று அவர் அரசாங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தக் கையெழுத்தின் மேல்தான் அந்த வீடு நின்றது. ஆகவே எங்களுக்கு வந்த கடிதம் ஒவ்வொன்றிலும் ஒரே வேண்டுகோள்: எழுத்து உள்ள எதையும் அனுப்பாதீர்கள். நாங்கள் அதை மிஞ்சிய கவனத்தோடு கடைப்பிடித்தோம். வெம்பிளிக் கடைகளில் எடுத்துவந்த மரக்கறிப் பெட்டிகளின் அச்செழுத்துக்குக்கூட மண்ணிறத் தாள் ஒட்டினோம்.

சகோதரர் ஒருமுறை லண்டன் வந்தார். எங்களிடம் ஒரு பின்னேரம் இருந்தார். அவர் ஆங்கிலத்தில் பேச, நான் தமிழாக்கினேன். சின்ன உருவம், பெரிய காதுகள், கால் இரண்டையும் கதிரைக்கடியில் மடித்து வைக்கும் பழக்கம். பேசி முடிந்ததும் எங்கள் சபை மூப்பர் ஒருவர் எழுந்து, எத்தனை பேர் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள் என்று கேட்டார். சகோதரர் சிரித்தார். இந்தக் கேள்வியை அங்கே பொலிஸ் அதிகாரி மாதம் ஒருமுறை கேட்கிறார், இங்கே நீங்கள் கேட்கிறீர்கள், இரண்டு பேருக்கும் என்னிடம் இருப்பது கம்பளிகளின் கணக்குத்தான் என்றார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை, ரீச்சரைத் தவிர. "பாஸ் பண்ணிற மறுமொழி" என்று என் காதருகே சொன்னார்.

ஆனால் ரீச்சருக்குள்ளும் ஒரு குறை இருந்தது. எங்கள் சபையில் ஆண்டின் கடைசி இரவு ஆராதனை முடிய, ஒரு தட்டத்தில் வாக்குத்தத்த அட்டைகள் வரும். ஒவ்வொருவரும் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வருகிற வேத வசனம் அந்த ஆண்டுக்கு உரியது. ஊரில் அச்சிட்டு வரும். இங்கே ரீச்சர்தான் எழுதுவார். மேலே தமிழ், கீழே பிள்ளைகளுக்காக ஆங்கிலம், நான்கு மூலையிலும் நீல மையில் ஒவ்வொரு சின்ன இலை. பெண்கள் அதைக் கைப்பையில் வைப்பார்கள். ஆண்கள் கோட்டின் உட்பையில், நெஞ்சோடு வைத்து வருடம் முழுக்கக் கொண்டு திரிவார்கள். "ஒரு வசனமும் இல்லாமல் வெறும் கோட்டை அனுப்பிறது, கடிதம் இல்லாத கவர் மாதிரிக் கிடக்கு, தம்பி" என்பார் ரீச்சர். "கவர் போய்ச் சேந்தாலே காணும், ரீச்சர்" என்பேன். "ஓம், ஓம். உமக்குக் கவர் காணும்" என்றுவிட்டு அடுத்த பைக்குள் கையை விடுவார்.

அந்தச் சனிக்கிழமை, வட லண்டன் எட்மண்டனிலிருந்து வான் கொண்டுவந்த அண்ணை ஹோர்னை அடித்தபடி வாசலில் நின்றார். பெட்டிகள் கட்டி முடிந்தபோது, சகோதரர் தனியாகக் கேட்டிருந்த ஒன்று இல்லை என்று தெரிந்தது. மிக உயரமான ஒரு முதியவருக்கு நீளக் கோட்டு. எங்களில் உயரமானவன் நான்தான். என் கோட்டைக் கழற்றினேன். சாம்பல் நிறம், நல்ல கம்பளி. மூன்றாவது பொத்தானை மனைவி சிவப்பு நூலால் தைத்திருந்தாள். வெளிப்பைகளில் இருந்த வீட்டுத் திறப்பையும் கைக்குட்டையையும் எடுத்தேன். ரீச்சர் கையை நீட்டினார்.

"தாரும், ஒருக்காப் பாப்பம்."

"என்ரை கோட்டுத்தானே ரீச்சர். நான் பாத்திட்டன்."

வாசலில் ஹோர்ன் மறுபடியும் கேட்டது. "அண்ணை, வாறம், வாறம்! ஊரைக் கூட்டாதையுங்கோ" என்று ரீச்சர் சத்தமிட்டார். கோட்டு பெட்டிக்குள் போனது. நான் சுவெற்றரோடு வீடு போனேன். வழியெல்லாம் குளிர்ந்தது, மனதுக்கு நன்றாக இருந்தது. தான் எழுதியதைத் தானே பிழை திருத்தக்கூடாது என்பது எங்கள் அச்சகத்தில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம்.

ஏழு வாரம் கழித்து, இந்த உதவிகளை ஒழுங்குபடுத்திய குழுவிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. ஆங்கில உச்சரிப்பு, நிதானமான குரல். சகோதரரைப் பிடித்துவிட்டார்கள். வீட்டுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். குடும்பங்களை லொறியில் ஏற்றி முகாமுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காட்டிக்கொடுத்தவர் என்று ஒருவருமில்லை. கோட்டைப் பெற்ற முதியவர் உட்பைக்குள் ஒரு அட்டையைக் கண்டிருக்கிறார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. தவறிப்போன யாருடையதோ முக்கியமான கடதாசி என்று நினைத்து, திருப்பிக் கொடுப்பதற்காக முகாம் அலுவலரிடமே கொண்டுபோயிருக்கிறார். அட்டையில் இரண்டு மொழிகள், மூலைகளில் நீல இலைகள். கோட்டு சாம்பல் நிறம், ஒரு பொத்தானில் சிவப்பு நூல்.

அன்று பின்னேரமே ரீச்சரிடம் போனேன். கைது, வீடு, முதியவர், அட்டை, நீல இலைகள், எல்லாம் சொன்னேன். கோட்டைப் பற்றிச் சொல்லவில்லை. செய்தியைச் சுருக்கும்போது எந்த வரியை வெட்டலாம் என்று எனக்குத் தெரியும். ரீச்சர் தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தார். "என்ரை எழுத்து" என்றார். "நான்தான் பாக்காமல் விட்டிட்டன்." பிறகு, "இனி அனுப்பினால் பையளைத் தைச்சு மூடிப்போட்டுத்தான் அனுப்போணும்" என்றார். இனி ஒன்றும் போகாது என்பதை நான் சொல்ல வேண்டியிருந்தது.

செய்யக்கூடியதைச் செய்தோம். நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்க வரிசையில் நின்றோம். அவருடைய உதவியாளர் அக்கறையோடு குறித்துக்கொண்டு, கைதானவர் பிரித்தானியப் பிரசை இல்லை, அது அந்நாட்டின் உள்விவகாரம் என்றார். நான் பழைய நண்பர்கள் மூலம் இரண்டு பத்திரிகைகளில் பேசினேன். ஒன்றுக்குப் படம் தேவைப்பட்டது. அதற்குள் குழுவிலிருந்து வேண்டுகோள் வந்தது: பத்திரிகையில் வந்தால் அவருக்கு இன்னும் கெடுதல், தயவுசெய்து எழுதாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. புதன்கிழமைகளில் ஜெபித்தோம். சகோதரரின் மனைவியிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. கோட்டுகளுக்கு நன்றி, நல்ல சூடு. தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர் கணவருக்காக மூன்று முறை சாட்சி சொல்லப் போய்வந்தார், பலனில்லை. இனி எங்களுக்குக் கடிதம் எழுத வேண்டாம். அவ்வளவுதான்.

ரீச்சரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஐந்து மாதம் எடுத்தது. சமையலறையில், அவர் தேத்தண்ணி ஊற்றும்போது சொன்னேன்.

"ரீச்சர், அது என்ரை கோட்டு. அட்டை என்ரை."

"விசர்க் கதை கதையாதையும்."

"சத்தியமா. சாம்பல் கோட்டு எண்டு போனிலேயே சொன்னவை. சிவப்பு நூல் பொத்தானும்."

"அப்ப அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?"

நான் சீனிப் போத்தலை எட்டி எடுத்தேன். அவர் கோப்பையை என் பக்கம் தள்ளினார். "அந்த அட்டையை எடுத்துக் காட்டும் பாப்பம் எண்டு கேக்கேலாது, ஏனெண்டால் எல்லா ஆம்பிளையளும் ஏப்ரலுக்கு முதலே துலைச்சுப்போடுவியள். நீர் நல்ல பிள்ளை, தம்பி. ஆனால் என்னைத் தேற்றவெண்டு பொய் சொல்லாதையும். கணக்குப் பிழைச்சால் பிழைச்சதுதான்." அதன் பிறகு இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் சிரித்து, என் முதுகில் தட்டினார். அடுத்த ஆண்டு முடிவில் தட்டம் வந்தபோது அதில் இருந்தவை கடையில் வாங்கிய அட்டைகள்.

சகோதரரைத் தலைநகரச் சிறைக்கு மாற்றியதாக ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு செய்தி இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் குழுவின் தொலைபேசி எண்ணும் வேலை செய்யவில்லை. எங்கள் மண்டபத்தில் இப்போது கம்பளம் விற்கிறார்கள்.

ரீச்சர் தொண்ணூறுகளின் கடைசியில் காலமானார். இறுதிச் சடங்கு முடிந்த மறுவாரம் மகள் கூப்பிட்டு, தாயின் உடுப்புகளை, பழைய உடுப்பு விற்கும் தர்மக்கடையில் கொடுத்துவிடச் சொல்லி இரண்டு பைகளைத் தந்தாள். கடை திறந்து சிறிது நேரம்தான் ஆகியிருந்தது, பத்து மணி கடந்திருக்கும். மேசையில் முதலில் வைத்தது அவருடைய கறுப்புக் குளிர்கோட்டு, கடைசிக் குளிர்காலங்களில் அவர் எங்கும் அணிந்து வந்தது. "பொக்கற்றுகளைப் பார்த்துவிட்டீர்களா?" என்று கடைப்பெண் கேட்டாள். நான் கையை விட்டேன். போகவில்லை. இரண்டு வெளிப்பைகளும் உட்பையும் கறுப்பு நூலால், நெருக்கமான தையலில், தைத்து மூடப்பட்டிருந்தன.