புகை திரும்பிய பக்கம்

அப்போது நெய்வேலியில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளராக இருந்தேன். புயல் கரையை ஒட்டி வடக்கே நகர்ந்துகொண்டிருந்த அன்று, கடலூர் அலுவலகத்திலிருந்து அடிக்கடி போன் வந்தது. அங்கே காற்று எப்படி என்பதுதான் ஒரே கேள்வி. காற்றை அளக்க என்னிடம் கருவி இல்லை. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்துச் சொன்னேன். நெய்வேலியில் துணி காயப்போடுகிறவர்கள் எல்லாரும் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். புகை நம் பக்கம் சாய்ந்தால் துணியில் சாம்பல் படியும்.

காலையில் புகை தென்மேற்கே போனது. வடகிழக்குக் காற்று என்று சொல்லிவிட்டு பக்கத்து ஊரான வடக்குத்துக்கு வண்டியை எடுத்தேன். அக்கா அங்கே இருந்தாள். சிமெண்ட் ஷீட் போட்ட இரண்டு அறை வீடு. மாமா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவர் கூரைமேல் ஏறி மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார், எல்லாவற்றையும் கிழக்கு ஓரத்தில். தெருவே அப்படித்தான் செய்திருந்தது. கடல் கிழக்கே இருக்கிறது, காற்றும் அங்கிருந்துதான் வரும் என்று கணக்கு.

"குவார்ட்டர்ஸுக்கு வந்துடுங்க மாமா. ஒரு ராத்திரிதானே."

"அது உன் பொண்டாட்டி பேர்ல கீற குவார்ட்டர்ஸ். நீயே அங்க விருந்தாளி மச்சான். நாங்க வேறயா?"

கீழே நின்ற அக்கா சிரித்தாள். என் மனைவி சுரங்க நிறுவனத்தில் பெர்மனென்ட். மாமா பல வருடமாக பெர்மனென்ட் ஆகக் காத்திருந்தவர். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. கட்டிலையும் மகளின் பள்ளிப் பையையும் அவர்கள் மேற்கு அறைக்கு மாற்றியிருந்தார்கள். கடலிலிருந்து தள்ளியிருந்த அறை அதுதான்.

மதியம் மொட்டை மாடியிலிருந்து பார்த்தபோது புகை நேர் தெற்கே படுத்திருந்தது. சற்று நேரத்தில் தென்கிழக்கே நகர்ந்தது. புயல் எங்களைத் தாண்டி வடக்கே போகிறது என்று பொருள். இனிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அலுவலகத்துக்குச் சொல்வதற்கு முன் மாமாவை அழைத்தேன்.

"காத்து மேக்கால திரும்புது மாமா. எல்லாரும் கிழக்கு ரூமுக்குப் போயிடுங்க."

"கடலு எந்தப் பக்கம் கீதுன்னு பேப்பர்காரருக்கு மறந்துபோச்சா?"

"புகையைப் பாத்துகினுதான் சொல்றேன்."

அவர் போனை வாயிலிருந்து தள்ளிவைத்து அக்காவிடம் பேசியது கேட்டது. "உன் தம்பி பயப்படறான். புள்ளைய இட்டுகினு அந்த ரூமுக்குப் போ. நான் இந்தக் கதவைப் புடிச்சிக்கிறேன், தாப்பா சரியில்ல."

"நீங்களும் போங்க மாமா."

"கதவு பிச்சிக்கினா ஷீட்டு நிக்காது மச்சான். வையி."

அதன்பின் சிக்னல் இல்லை. மழை இறங்கி, புகைபோக்கிகளும் மறைந்தன. மாலையில் மேற்குக் காற்று வந்தது. எங்கள் தெருவின் மரங்கள் கிழக்கு நோக்கிச் சாய்ந்தன.

விடிந்ததும் நடந்தே போனேன். மணல் மூட்டைகள் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. கிழக்கு அறையின் ஷீட்டுகள் பாதி நின்றன. மேற்குச் சுவர் கதவோடு உள்ளே விழுந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் செங்கற்களை அகற்றி மாமாவை வெளியே கிடத்தியிருந்தார்கள். அக்காவுக்கும் மகளுக்கும் கீறல்கூட இல்லை.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியெங்கும் முந்திரி மரங்கள் விழுந்து கிடந்தன. ஷிப்டுக்குப் போக முடியாத ஆட்கள் அரிவாளும் ரம்பமுமாக வந்து வழி எடுத்தார்கள். அது முடிய மறுநாள் ஆனது. காத்திருந்த நேரத்தில் அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"காத்து ஏறினப்புறம் போனைக் காதுல வெச்சிகினு அவரு என்னமோ சொல்லிகினே இருந்தாரு. காத்துல கேக்கல. உனக்குக் கேட்டுதா?"

"இல்லக்கா."

அவள் மகளின் தலையைத் துண்டால் துவட்டத் தொடங்கினாள்.